இருமல் இருக்கா?

அன்று காலை அந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டார்கள். சேர்க்கை மேசையில் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த செவிலியர், கண்ணில் சொட்டு மருந்து விட வந்த இன்னொரு செவிலியர், அப்புறம் மயக்க மருத்துவர். “இருமல் இருக்கா?” மூன்று முறையும் சித்தப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே நான் “இல்லைங்க” என்று முந்திக்கொண்டேன். உண்மையில் மூன்று நாளாக இருந்தது. முந்தின இரவு பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டபடியேதான் படுத்திருந்தேன். இது நடந்து நாலு வருடம் ஆகப்போகிறது. சித்தப்பா எப்போதோ மறந்துவிட்டார். எனக்குத்தான் அந்த ‘இல்லைங்க’ இன்னும் தொண்டையில் எங்கோ நிற்கிறது.

ஏன் சொன்னேன் என்று யோசித்தால் காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. பூஞ்சைத் தொற்றில் புண்ணாகி, ஆறி, தழும்பு விழுந்த கருவிழி அவருடையது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் எது, நிழல் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் காத்திருந்த பிறகு ஒரு மாலை போன் வந்தது: தானக் கருவிழி வந்திருக்கிறது, காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். உலகம் முழுக்க 70 பேருக்குத் தேவையென்றால் ஒருவருக்குத்தான் கருவிழி கிடைக்கிறது என்று 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. அதை நான் படித்திருந்தேன். எழுபதில் ஒருவராகச் சித்தப்பா ஆகியிருக்கும்போது ஒரு சளித் தொந்தரவு குறுக்கே வருவதை விடுவேனா? கத்தி வைக்கப்போவது கண்ணில், இருமல் இருப்பது தொண்டையில், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அன்றைய என் அறிவு.

செவிலியர்கள் இருவரும் என் பதிலை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மயக்க மருத்துவர் எழுதவில்லை. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. சித்தப்பாவைப் பார்த்து, “ஐயா, தலையணை வேண்டாம், மல்லாக்கப் படுங்க. முகத்து மேல ஒரு துணி போடறேன். பத்து நிமிஷம் பேசாம, தலையை அசைக்காம இருங்க, போதும்” என்றார். போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம் ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடத்தில் துணிக்கு அடியில் ஒரு கனைப்பு. அதை அவர் விழுங்கப் பார்த்தது எனக்குத் தெரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆறாவது நிமிடம் அடக்க முடியாமல் வந்தது. ஒன்றல்ல, அடுக்கடுக்காக ஏழெட்டு. எழுந்து உட்கார்ந்துவிட்டார். “எச்சில் புரையேறிடுச்சு டாக்டர்” என்றேன் நான். அவர் திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தம்பி, எத்தனை நாளா இருக்கு?”

அன்று ஆபரேஷன் நடக்கவில்லை. அறுவை மருத்துவர் வந்தார், ரெண்டு நிமிடம் தனியாகப் பேசினார்கள், அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர் பெஞ்சில் மாற்று ஆளாக வரச்சொல்லியிருந்த ஒரு பெண்மணி காலையிலிருந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது எங்கள் பக்கம் பார்க்காமல் போனார். நல்ல மனுஷி, பார்த்திருந்தால் நான் என்ன முகம் காட்டியிருப்பேனோ. ஒரு இருமலுக்காகக் கண்ணையே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று நடைவழியில் நின்று கத்தினேன். அதற்கு அந்த மயக்க மருத்துவர் சொன்ன பதில்தான் என்னை இவ்வளவு தூரம் படிக்க வைத்தது. “கண்புரை ஆபரேஷன்ல ரெண்டு, மூணு மில்லிமீட்டர் துளை போதும். இதுல எட்டு மில்லிமீட்டர் வட்டமா வெட்டி எடுத்துடறோம். புதுசை வச்சுத் தைக்கிற வரைக்கும் கண்ணுக்கு மூடியே கிடையாது. அந்த நேரத்துல அவர் இருமினா உள்ள இருக்கிறது வெளியில வந்துடும் தம்பி. வந்தா திரும்ப உள்ள வைக்க எங்க யாராலயும் முடியாது.”

மூடியில்லாத சில நிமிடங்கள்

தமிழில் நாம் கருவிழி என்கிறோம், ஆனால் அதில் கருப்பே கிடையாது. கண்ணாடி போன்ற தெளிந்த படலம் அது. பின்னால் இருக்கும் திரையின் நிறத்தைத்தான் நாம் கருப்பு என்று பார்க்கிறோம். நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் தடிமன். முழுத்தடிமன் மாற்று அறுவையில் ட்ரிஃபைன் என்கிற வட்டக் கத்தியால் இதன் நடுப்பகுதியை ஏழரை, எட்டு மில்லிமீட்டர் விட்டத்தில் வெட்டி எடுக்கிறார்கள். எடுத்த கணத்தில் கண்ணுக்குள் இருந்த அழுத்தம் மொத்தமாக இறங்கிவிடுகிறது. அறுவை அறையில் இதற்கு ‘ஓப்பன் ஸ்கை’ என்று பெயர். யார் வைத்த பெயரோ, வானம் திறந்து கிடக்கிறது என்று. அழகான பெயர்தான், அதற்குக் கீழே படுத்திருக்கிறவருக்கு அப்படி இருக்காது.

விழித்திரைக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் அடர்ந்த ஓர் அடுக்கு இருக்கிறது. சாதாரணமாகக் கண்ணின் உள் அழுத்தமே அதைத் தாங்கி அமுக்கி வைத்திருக்கும். மூடி எடுத்த கண்ணில் அந்தத் தாங்கல் போய்விடும். அப்போது இருமினால், முக்கினால், கண்ணை இறுக்கினால், மார்புக்குள் ஏறும் அழுத்தம் சிரைகள் வழியாக நேராகக் கண்ணுக்குப் பின்னால் வந்து முட்டும். மூடிய கண்ணிலேயே ஒரு பலத்த இருமல் உள் அழுத்தத்தை 30, 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். இயல்பான அழுத்தமே 10-லிருந்து 21-க்குள்தான். திறந்த கண்ணில் ஏறுவதற்கு இடமில்லை, வெளியேதான் தள்ளும். லென்ஸ் முன்னால் வரும், அதன் பின்னால் இருக்கும் பசை போன்ற திரவம் பிதுங்கும். மோசமான நிலையில் பின்னடுக்கின் ரத்தக் குழாய் ஒன்று கிழிந்து, பீறிடும் ரத்தம் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே தள்ளிவிடும். அரிதாகத்தான் நடக்கும். நடந்தால் அறுவை மருத்துவர் உடனடியாகச் செய்வது, அந்தத் துளையை விரலாலேயே பொத்திப் பிடிப்பது. ஒரு மருத்துவக் குறிப்பில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ‘இல்லைங்க’ அந்த விரலுக்கு அடியில் போய் நின்றிருக்கும்.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். இந்த அறுவையின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பாலானவை மூடி திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. மானிட்டால் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றி, கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை வற்றவைத்து விழியைத் தளர்வாக்குகிறார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபின் ஒரு சிறு பந்து போன்ற கருவியால் கண்ணை மெல்ல அழுத்தி வைப்பதும் அதற்குத்தான். தலைப்பக்கம் மேசையைச் சற்று உயர்த்துகிறார்கள், ரத்தம் முகத்தில் தேங்காமல் இருக்க. சிறுவர்களின் கண், லென்ஸ் எடுத்துவிட்ட கண் போன்றவை திறந்ததும் துவண்டு மடங்கும் என்பதால் வெள்ளை விழியில் ஓர் உலோக வளையத்தை முன்கூட்டியே தைத்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு: தானக் கருவிழியைத்தான் முதலில் வெட்டித் தயாராக வைக்க வேண்டும், நோயாளியின் கருவிழியை அதற்குப் பிறகே தொட வேண்டும். வெட்டும்போது தானத் துண்டு பழுதாகிவிட்டால், மூடி எடுத்த கண்ணோடு மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. கேட்டால் சின்ன விஷயம், வரிசையை மாற்றியதுதான் மொத்தமும். ஆனால் யாரோ ஒருவர் எப்போதோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதனால்தான் இந்த வரிசை என்று எனக்குத் தோன்றும்.

திறந்தபின் அவசரம் முழுக்க முதல் நாலு தையலுக்குத்தான். மேலே, கீழே, இடம், வலம். தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழை. அந்த நாலும் விழுந்துவிட்டால் மூடி ஓரளவு பொருந்திவிடும். மிச்சத்தை, பெரும்பாலும் மொத்தம் பதினாறு வரும், நிதானமாகப் போடலாம்.

முழு மயக்கம் கொடுத்திருக்கலாமே

நடைவழியில் நான் கேட்ட அடுத்த கேள்வி இது. தூங்க வைத்துவிட்டால் இருமலாவது ஒன்றாவது? அன்று அந்த மயக்க மருத்துவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். சிரித்ததன் காரணம் பிறகு புரிந்தது. சளி பிடித்த மூச்சுக்குழாய் சிடுசிடுப்பான குழந்தை மாதிரி. அதற்குள் குழாயை விடும்போதும் எடுக்கும்போதும்தான் அது மிகவும் முரண்டு பிடிக்கும். முழு மயக்கத்திலிருந்து விழிக்கும்போது குழாயை எதிர்த்து வரும் இருமல், புதிதாகப் போட்ட தையலுக்கு வரக்கூடிய கெட்ட பரிசு. அதனால் முடிந்த இடங்களில் குரல்வளைக்கு மேலேயே உட்கார்ந்துகொள்ளும் முகமூடி போன்ற குழாயைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே குழாயை எடுத்துவிடுகிறார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்துகளிலும் கண் அழுத்தத்தை ஏற்றுவது எது, ஏற்றாதது எது என்று பார்த்துத் தேர்கிறார்கள். குழந்தைகளுக்கு, நடுக்கம் உள்ளவர்களுக்கு, சொன்னதைக் கேட்டு அசையாமல் இருக்க முடியாதவர்களுக்கு முழு மயக்கம்தான் வழி. முழு மயக்கத்தின் நல்லது என்னவென்றால் மூச்சு, ரத்த அழுத்தம், அசைவு எல்லாம் ஒருவர் கையில் இருக்கும். அது பாதுகாப்பு என்பது சரி, ஆனால் இருமலுக்குத் தப்பிக்கும் கதவு அது கிடையாது.

முழு மயக்கம் இல்லாமல் மரத்துப்போக வைக்கும் கலை தொடங்கிய இடமே கண்தான் என்பது எனக்குப் புதிய செய்தி. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கொகெயின் கரைசலைத் தவளையின் கண்ணிலும், பிறகு தன் கண்ணிலும் விட்டுப் பார்த்து, தொட்டாலும் உணர்ச்சி இல்லை என்று கண்டார். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டுக்குப் போகக் கையில் பணமில்லாமல், அவர் கட்டுரையை வேறொரு மருத்துவர் வாசித்தார். ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து அறுவை செய்யலாம் என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது. இருபத்தொரு வருடம் கழித்து, 1905 டிசம்பர் 7 அன்று, இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமொட்ஸ் நகரில் எடுவார்ட் ஸிர்ம் என்ற கண் மருத்துவர் மனிதக் கருவிழியை மாற்றி வைத்தார். சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளி. காயம் பட்டு எடுக்க வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி. ஒரு கண் தோற்றது, மற்றது தெளிவாகவே நின்றது. அவருக்கு நுண்ணோக்கி கிடையாது, நைலான் இழை கிடையாது. கோலரின் சொட்டு மருந்து இருந்தும், ஆழ்ந்த மயக்கம் வேண்டும் என்பது ஸிர்ம் வலியுறுத்தியவற்றுள் ஒன்று. ஏனென்றால் சொட்டு மருந்து வலியைத்தான் நிறுத்தும். விழி உருள்வதையும் இமை இறுகுவதையும் அது நிறுத்தாது.

அவற்றை நிறுத்துவது ஊசி. இதில்தான் கடந்த சில பத்தாண்டுகளில் சத்தமில்லாமல் பெரிய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. பழைய முறையில், நீண்ட ஊசியை விழிக்குப் பின்னால், தசைகள் கூம்பாகச் சேரும் இடத்துக்குள்ளேயே கொண்டுபோவார்கள். நன்றாக வேலை செய்யும். ஆனால் அங்கேதான் பார்வை நரம்பும் பெரிய ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. மருந்து நரம்பின் உறைக்குள் புகுந்து மூளைத்தண்டுவரை போனால் மூச்சே நின்றுவிடும். அந்த ஊசி போடும்போது நோயாளியை மேலேயும் மூக்குப் பக்கமும் பார்க்கச் சொல்வது பல பத்தாண்டுகளாகப் பாடம். 1981-இல் சி.டி. ஸ்கேன் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு, அப்படிப் பார்க்கும்போது பார்வை நரம்பு ஊசியின் வழியிலேயே வந்து நிற்கிறது என்று காட்டியது. இன்று நேராகப் பார்க்கச் சொல்கிறார்கள். எத்தனை ஆயிரம் பேர் மேலே, மூக்குப் பக்கம் பார்த்திருப்பார்கள், நல்லவேளையாகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாமல்! பிறகு ஊசி குட்டையானது, கூம்புக்கு வெளியிலேயே நிறுத்தும் முறை 1980-களில் பரவியது. 1990-களில் கூர் முனையே இல்லாத முறை வந்தது: வெள்ளை விழியின் மேல்தோலில் ஒரு சிறு வெட்டு, அதன் வழியாக மொழுக்கையான வளைந்த குழாய், மருந்து விழியைச் சுற்றி வழிந்து போகும். அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண் நீண்டிருக்கும், சுவர் மெலிந்திருக்கும், கூரான ஊசி குத்திவிடும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களுக்கு இந்த மொழுக்கைக் குழாய் பெரிய வரம். கத்தியைவிட, லேசரைவிட, இந்தக் கூர் மழுங்கியதுதான் என் பார்வையில் உண்மையான முன்னேற்றம். ஆனால் விளம்பரத்தில் லேசருக்குத்தான் படம் போடுவார்கள்.

ஊசியோடு ‘கொஞ்சம் தூக்கத்துக்கு’ மருந்து கேட்பவர்கள் பலர். நானும் கேட்டேன். கொடுப்பார்கள், ஆனால் மிகக் குறைவாக. நோயாளி மேசையில் தூங்கிவிடுவதை அவர்கள் விரும்புவதில்லை. குறட்டை விட்டால் தலை ஆடும். திடுக்கிட்டு விழித்தால் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் எழப் பார்ப்பார். மூடி திறந்திருக்கும்போது அதுவும் இருமலும் ஒன்றுதான். பயமில்லாமல், ஆனால் விழிப்போடு இருக்கும் நோயாளிதான் அவர்களுக்கு வேண்டும்.

மூடியைக் கழற்றாமலே

இப்போது பலருக்கு மூடியைக் கழற்றவே வேண்டியதில்லை என்பது தனிக் கதை. கருவிழியின் உள்வரி செல்கள் மட்டும் கெட்டிருந்தால் (அவை புதிதாக முளைப்பதில்லை), அந்த உள்வரியை மட்டும் மாற்றினால் போதும். நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் 1990-களின் கடைசியிலிருந்து படிப்படியாக வகுத்த வழி இது. இன்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பத்து, பதினைந்தே தடிமன் உள்ள படலத்தை நீலச் சாயம் ஏற்றி, சுருட்டி, சிறு துளை வழியாக உள்ளே விட்டு, விரித்து, காற்றுக் குமிழியால் மேலே ஒட்டவைக்கிறார்கள். கண் கடைசிவரை மூடியே இருக்கும். இருமினால் உள்ளே இருப்பது வெளியே வராது, படலம் நகரலாம், அவ்வளவுதான். உள்வரி நன்றாக இருந்து மேலடுக்குகள் மட்டும் கெட்டிருந்தால், 2002-இல் அன்வரும் டைக்மனும் விவரித்த பெருங்குமிழி முறை: காற்றை ஊதி உள்வரியைப் பிரித்து, அதை நோயாளியிடமே விட்டுவிட்டு மேலே உள்ளதை மாற்றுவது.

ஆபத்து இங்கே ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. குமிழி பெரிதாகிக் கண்ணுக்குள் நீரோட்டத்தை அடைத்தால் அழுத்தம் ஏறும். அதற்காகக் கண்ணின் நிறத் திரையில் கீழே ஒரு சின்னத் துளை போட்டு வைக்கிறார்கள். காற்றுக்குப் பதில் நீடித்து நிற்கும் வாயுவை விட்டிருந்தால், அது கரையும்வரை விமானப் பயணம் கூடாது, வேறு அறுவைக்குப் போனாலும் நைட்ரஸ் ஆக்ஸைடு மயக்கம் கூடாது. குமிழி ஊதிப் பெரிதாகிவிடும். ஜப்பானில் வளர்த்த செல்களை ஊசியால் செலுத்தி 11 பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். அந்தத் திசையில் போனால் தையல் என்ற பேச்சே இருக்காது. ஆனால் சித்தப்பாவின் தழும்பு அடுக்கு விட்டு அடுக்கு ஊடுருவியது. அவருக்கு மூடியைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. புது முறை இருக்கிறதாமே, ஏன் செய்யவில்லை என்று கேட்கிற உறவினர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. கையெழுத்து வாங்கும் காகிதத்தில் அறுவையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது, மயக்கத்தைப் பற்றி ஒரே வரி. இருமல் இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டார்கள், ஏன் கேட்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எட்டு மாதம் வரிசையில் நின்றவனிடம் காரணம் சொல்லாமல் கேட்டால் அவன் ‘இல்லை’ என்றுதான் சொல்வான். பொய் என்னுடையதுதான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைப் பத்து வரியாக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஏழு வாரம் கழித்து மறுபடி போன் வந்தது. அதே மயக்க மருத்துவர். “இருமல் இருக்கா?” இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவே சொன்னார்: “நாலு நாளா இல்லீங்க டாக்டர். ஆனா போன வாரம் இருந்துச்சு. படுக்க வச்சுப் பாத்துருங்க.” நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார், பதினைந்து நிமிடம் துணிக்கு அடியில் படுக்க வைத்தார், பிறகு கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒரு செவிலியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். இருமல் வருகிற மாதிரி இருந்தால் பேச வேண்டாம், விரலை அழுத்துங்கள், நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தாராம்.

“நாலாவது தையல் முடிஞ்சதும் டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டாருடா, எனக்கே கேட்டுச்சு” என்று கட்டோடு வெளியே வந்தவர் சொன்னார். “அப்ப பாத்து எனக்குத் தொண்டையில அரிப்பு. அழுத்தினேன். எல்லாரும் கையை எடுத்துட்டாங்க. முழுங்குங்க ஐயா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்லைன்னு அந்தம்மா சொன்னாங்க. ரெண்டு தடவை முழுங்கினேன். போயிடுச்சு. அதுக்கப்புறம் பன்னெண்டு தையல் போட்டாங்க, எண்ணிக்கிட்டே இருந்தேன்.”